அடுப்பு மூட்டாமல் இனிப்பு உருண்டை

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் காலம் இளவேனிலின் தொடக்கம். ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விடும் காலமும் அதுவே. ஸ்ரீராம நவமியும் தமிழ்ப் புத்தாண்டும் இந்த நாட்களை ஒட்டியே வருகின்றன. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கங்களில் ஸ்ரீராம நவமியன்று பல வீடுகளில் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு ஆகிய மூன்றையும் செய்து அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் கொடுப்பார்கள். இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? தாளிப்பதை விட்டுவிட்டால், எதற்குமே அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. வெயில் கொளுத்தும் நாளில் அடுப்பங்கரையில் நிற்காமல் பண்டிகை நடத்த நம் முன்னோர் கண்ட வழி இது.

அதே முறையில், நீங்களே அடுப்பில்லாமல் செய்யக்கூடிய ஓர் இனிப்பைப் பற்றி இங்கே பார்ப்போம். அதன் பெயர் மாலாடு. பொட்டுக்கடலை மாவு, சர்க்கரைப் பொடி, நெய், ஏலக்காய் ஆகிய நான்கே பொருள்கள். தீபாவளிக்குச் செய்யும் வீடுகள் பல உண்டு. ஆனால் சித்திரை வெயிலுக்கும் இது மிகப் பொருத்தமானது.

முதலில் ஒரு கணக்கு. கோட்டூர்புரத்தில் இருக்கும் நான்கைந்து நண்பர்கள், விடுமுறையில் ஒரு நாள் காந்தி மண்டபம் சாலையிலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட பெரிய நூலகம் அது. 1988இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கமும் அதே சாலையில்தான் இருக்கிறது. காலை 9 மணிக்குக் கிளம்பி, பிற்பகல் 1 மணிக்கு வெளியே மர நிழலில் அமர்ந்து சாப்பிடுவதாகத் திட்டம். வெளியே வெப்பநிலை 35° செல்சியஸ். ஒருவர் பையில் வடைப்பருப்பு, இன்னொருவர் பையில் மாலாடு. இரண்டுமே அடுப்பில் ஏறாதவை. 4 மணி நேரத்துக்குப் பிறகு எதை நம்பிச் சாப்பிடலாம்?

மாலாட்டைத்தான் சாப்பிட வேண்டும். ஏன் என்பதை அறிந்துகொண்டால், சமையலறையின் பாதி அறிவியல் உங்களுக்கு வசப்பட்டுவிடும்.

கெட்டுப்போவது எதனால்?

உணவைக் கெடுப்பவை பெரும்பாலும் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சணம் ஆகிய நுண்ணுயிர்கள். பாக்டீரியாக்களில் பல, ஈரமும் சத்தும் இளஞ்சூடும் ஒருசேரக் கிடைத்தால் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து பெருகும். ஒரு மணி நேரத்தில் 3 முறை. 4 மணி நேரத்தில் 12 முறை. இரண்டை 12 முறை பெருக்கிப் பாருங்கள்: 4,096. அதாவது காலையில் 100 பாக்டீரியாக்கள் இருந்த இடத்தில் பிற்பகலில் 4 லட்சத்துக்கு மேல் இருக்கக்கூடும்!

ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரியும் மாங்காயும் கலந்த வடைப்பருப்பு முழுக்க ஈரம். எனவே அது செய்த உடனே, ஓரிரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டிய பண்டம். வீடுகளிலும் கோயில்களிலும் அதைப் புதிதாகச் செய்து, கையோடு கொடுத்துத் தீர்த்துவிடுவது நல்ல வழக்கம்.

மாலாட்டிலும் ஈரம் உண்டு. பொட்டுக்கடலை மாவை எவ்வளவு உலர்த்தினாலும் சிறிதளவு நீர் அதில் தங்கியே இருக்கும். ஆனால் அந்த நீர் நுண்ணுயிருக்குக் கிடைப்பதில்லை. இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கட்டுப்படாமல் இருக்கிறது என்பதே முக்கியம். மாவிலுள்ள மாச்சத்தும் புரதமும் சர்க்கரையும் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிடிபட்ட நீரை நுண்ணுயிரால் எளிதில் உறிஞ்ச முடியாது.

இந்த அளவுக்கு ‘நீர்ச் செயல்பாடு’ என்று பெயர். தூய நீரின் நீர்ச் செயல்பாடு 1. நீரே இல்லாவிட்டால் 0. ஆஸ்திரேலிய அறிஞர் டபிள்யூ. ஜே. ஸ்காட், பாக்டீரியாவின் வளர்ச்சி இந்த அளவைப் பொறுத்தது என்பதை 1953இல் வெளியிட்ட தம் ஆய்வில் காட்டினார். பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர 0.91க்கு மேல் வேண்டும். நம் மூக்கிலும் தோலிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சற்றே முரட்டு இனம், அது 0.86 வரையிலும் தாக்குப்பிடித்து வளரும். பூஞ்சணங்களில் பல 0.7, 0.8 அளவிலும் வளரும். 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை. ஊறிய பருப்பு 1ஐ நெருங்கி நிற்கிறது. உலர்ந்த மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த மாலாடு 0.6க்குக் கீழே நிற்கிறது. இரண்டு பைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தீ ஏற்கெனவே வேலை செய்துவிட்டது

“அப்படியானால் எந்த மாவையும் பச்சையாகப் பிசைந்து தின்னலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. ஈரமில்லாத இடத்தில் பாக்டீரியா பெருகாதே தவிர, செத்துப்போய்விடாது. உறக்கத்தில் கிடப்பதுபோல் மாதக்கணக்கில் கிடக்கும். வயிற்றுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். 2016இல் அமெரிக்காவில், பச்சைக் கோதுமை மாவில் இருந்த ஈ. கோலை என்ற பாக்டீரியாவால் 60க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பார்வைக்கு உலர்ந்த, மணமற்ற, வெண்மையான மாவுதான் அது!

பொட்டுக்கடலை அப்படியல்ல. கொண்டைக்கடலையை ஈரப்படுத்தி, ஆறவைத்து, 200° செல்சியஸுக்கு மேல் சூடேறிய மணலில் போட்டு வறுத்து, தோலை நீக்கி எடுப்பதே பொட்டுக்கடலை. சூட்டில் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும்போது பருப்பு பொரபொரவென்று நுண்துளைகள் நிறைந்ததாகிறது. அதனால்தான் பச்சைக் கடலையைக் கடிக்கப் பல் வலிக்கிறது; பொட்டுக்கடலையோ வாயில் போட்டதும் நொறுங்குகிறது. பச்சைக் கடலையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் சில பொருள்கள் உண்டு. அவையும் சூட்டில் செயலிழந்துவிடுகின்றன. மேலே ஒட்டியிருந்த பாக்டீரியாக்களும் மடிகின்றன.

ஆகவே மாலாடு தீயே காணாத பண்டம் அல்ல. தீ தன் வேலையைக் கடலை வறுக்கும் இடத்திலேயே முடித்துவிட்டது. உங்கள் வீட்டில் மிஞ்சுவது பொடிப்பதும் கலப்பதும் பிடிப்பதும் மட்டுமே. பச்சைக் கடலை மாவையோ, வறுக்காத அரிசி மாவையோ, கோதுமை மாவையோ அதற்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள்.

மாவு எப்படி உருண்டையாகிறது?

உலர்ந்த மாவைக் கையில் எடுத்து இறுக்கினால் நிற்காது, விரலிடுக்கில் வழிந்துவிடும். நெய் விட்டதும் நிற்கிறது. நெய் என்ன செய்கிறது?

எலியட்ஸ் கடற்கரைக்கோ மெரீனாவுக்கோ போகும்போது மணல் வீடு கட்டியிருப்பீர்கள். காய்ந்த மணலில் வீடு கட்ட முடியாது. ஈர மணலில் முடியும். நீருக்குள் மூழ்கிய மணலில் மறுபடியும் முடியாது. இரண்டு மணல் பரல்கள் தொடும் இடத்தில் நீர் ஒரு குட்டிப் பாலம்போல் ஒட்டி நிற்கிறது. நீரின் பரப்பு இழுவிசை அந்தப் பாலத்தைச் சுருக்கப் பார்க்கிறது. பரல்கள் ஒன்றையொன்று நெருங்கி இறுகுகின்றன. நீர் அதிகமாகி இடைவெளி முழுவதும் நிரம்பிவிட்டால் பாலமே இல்லை, இழுவையும் இல்லை. டேனியல் பான் என்ற இயற்பியலாரும் அவர் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, உறுதியான மணல் கோபுரத்துக்குக் கனஅளவில் 1 விழுக்காடு நீரே போதுமாம்!

மாலாட்டில் நீருக்குப் பதில் நெய்ப் பாலம். ஆனால் 1 விழுக்காடு நெய் இங்கே போதாது. மாவின் துகள்கள் மணலைவிட மிக மிக நுண்ணியவை. 1 மி.மீ. பக்கமுள்ள ஒரு சர்க்கரைக் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர மி.மீ. அதை 0.1 மி.மீ. பக்கமுள்ள கனசதுரங்களாக உடைத்தால் 1,000 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் பரப்பு 0.06 சதுர மி.மீ.; மொத்தம் 60 சதுர மி.மீ. எடை மாறவில்லை, பரப்பு மட்டும் 10 மடங்காகிவிட்டது. அத்தனை பரப்பையும் நனைக்க நெய் வேண்டும். பொரித்த பருப்பின் நுண்துளைகளும் தம் பங்குக்கு நெய்யைக் குடிக்கும். எனவேதான் 200 கிராம் பொடிக்கு ஏறத்தாழ 50 கிராம் நெய் தேவைப்படுகிறது.

நெய்க்கு இன்னொரு குணம் உண்டு. பனிக்கட்டி 0° செல்சியஸில் உருகுகிறது. அது ஒரே பொருள். நெய்யோ பல வகைக் கொழுப்புகளின் கலவை. சில கொழுப்புகள் முன்னதாகவே உருகும். சில 35°க்கு மேல்தான் உருகும். ஆகவே நெய் ஒரே நொடியில் உருகுவதில்லை, ஒரே நொடியில் உறைவதுமில்லை. சித்திரை மாதத்தில் உங்கள் வீட்டு நெய்ச் சாடியைப் பாருங்கள்: பாதி எண்ணெய்போல் தெளிந்தும், பாதி மணல்மணலாகவும் இருக்கும். உருக்கிய நெய்யாக உள்ளே புகுந்து, ஆறியபின் ஒரு பகுதி உறைந்து, துகள்களுக்கிடையே சாந்துபோல் நிற்கிறது. உருண்டை பிடித்தவுடன் தளர்வாக இருப்பதும், ஒரு மணி நேரம் கழித்து உறுதிப்படுவதும் இதனால்தான். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயை விட்டால்? அது 24°, 25° அளவிலேயே உருகிவிடும். சென்னையின் ஏப்ரல் பகலில் அது உறையவே உறையாது, உருண்டை தொய்ந்துபோகும்.

செய்முறை

பொட்டுக்கடலை 100 கிராம், சர்க்கரை 100 கிராம், நெய் 50 கிராம், ஏலக்காய் 3. இவை ஏறக்குறைய 12 உருண்டைகளுக்குப் போதும்.

1. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். மிக்ஸி ஜாடி, சல்லடை, தட்டு, டப்பா எல்லாம் ஈரமின்றி இருக்க வேண்டும்.

2. பொட்டுக்கடலையை நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். கப்பியை மீண்டும் பொடித்துச் சலியுங்கள். மிக்ஸிக்குள் கரண்டி விடுவதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்க மறக்க வேண்டாம்.

3. சர்க்கரையையும் ஏலக்காய் விதையையும் சேர்த்துப் பொடியுங்கள். ஏலக்காயின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் வருவது. அன்றன்று பொடித்தால்தான் மணம் முழுமையாகக் கிடைக்கும். அந்த எண்ணெய்கள் கொழுப்பில் கரைபவை. நெய் அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளும்.

4. இரண்டு பொடிகளையும் கட்டியில்லாமல் கலந்துகொள்ளுங்கள்.

5. நெய் உறைந்திருந்தால், கிண்ணத்தை இறுக மூடி அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். சித்திரை வெயிலே உருக்கித் தந்துவிடும்.

6. நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும். கொழகொழவென்று பளபளக்கக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் நெய்யை நிறுத்திவிடுங்கள்.

7. ஒரே வாயில் போடும்படி, பெரிய நெல்லிக்காய் அளவில் இறுக்கிப் பிடித்து, தட்டில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு டப்பாவில் அடுக்குங்கள்.

பால் தெளிக்கலாமா?

உருண்டை உதிர்ந்துபோகிறது என்றால், “கொஞ்சம் பால் தெளித்துப் பிடி” என்று யாராவது யோசனை சொல்வார்கள். பிடிக்க வரும், உண்மைதான். ஆனால் மாலாட்டின் தன்மையே அப்போது மாறிவிடும். நெய்யில் நீர் 0.5 விழுக்காடுகூட இருப்பதில்லை. பாலிலோ 87 விழுக்காடு நீர். 2 மேசைக்கரண்டிப் பால் தெளித்தால் சுமார் 26 கிராம் நீரைச் சேர்க்கிறீர்கள். அதில் சர்க்கரை கரைந்து கொஞ்சம் நீரைக் கட்டிப்போடும். ஆனாலும் நீர்ச் செயல்பாடு பூஞ்சணம் விளையும் அளவுக்கு உயர்ந்துவிடும். பால் தெளித்த உருண்டையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். பையில் போட்டு வெயிலில் எடுத்துப்போகக் கூடாது. பால் சேர்க்காததை, ஈரமில்லாத டப்பாவில் வைத்திருந்து இரண்டு வாரம் வரை தாராளமாகச் சாப்பிடலாம். உதிர்ந்தால் ஒரு கரண்டி நெய்யைக் கூட்டுங்கள். அல்லது மாவை இன்னும் நைசாக்குங்கள்.

பால் இல்லாத மாலாட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் தேவையற்றது. கோட்டூர்புரம் அடையாற்றங்கரையில், கடலுக்கும் அருகில் இருக்கிறது. காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. குளிர்ந்த உருண்டையை வெளியே எடுத்ததும், ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் அதன் மேலும் நீர் படியும். நாம் இத்தனை பாடுபட்டு விலக்கிய நீரை நாமே கூப்பிட்டு உட்காரவைத்ததாகும்.

வெல்லமும் தேனும்

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா என்ற கேள்வி எழும். சர்க்கரை என்பது ஏறக்குறைய தூய சுக்ரோஸ். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டை நெருங்கும்வரை அது கசிவதில்லை. வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருக்கின்றன. ஃப்ரக்டோஸ் 62 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சென்னைக் காற்றில் வெல்லம் பிசுபிசுப்பது இதனால்தான்.

ஆனால் மாலாட்டுக்குக் குறையாகும் இந்தப் பிசுபிசுப்பே எள்ளுருண்டைக்குப் பசையாகிறது! வறுத்த எள்ளையும் வெல்லத்தையும் உரலில் இட்டு இடித்தால், எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதியாக இருக்கும் எண்ணெய், செல்கள் உடைந்து வெளிவருகிறது. எண்ணெயும் வெல்லமும் சேர்ந்து இறுக்கிப் பிடிக்கின்றன, நெய்யே தேவையில்லை. வறுத்த தினை மாவைத் தேன் விட்டுப் பிசைந்து பிடிப்பது குறிஞ்சி நிலத்து முறை. அங்கே தேனே பசை, தேனே காவல். தேனின் நீர்ச் செயல்பாடு சுமார் 0.6தான். ஓர் எச்சரிக்கை: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. தேனில் சில வேளை இருக்கும் பாட்டுலிச பாக்டீரியாவின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும்.

செய்து பாருங்கள்

கலவையிலிருந்து மூன்று சிறு உருண்டைகளைச் சோதனைக்கென ஒதுக்குங்கள். ஒன்று நெய் மட்டும் விட்டது; ஒன்று பால் தெளித்தது; ஒன்று நெய் குறைவானது. மூன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் மூடி, தேதி எழுதி, ஒரே இடத்தில் வையுங்கள். ஐந்து நாட்கள் காலையும் மாலையும் பார்த்து, நிறம், உறுதி, பூஞ்சணம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். காலையில் இறுகியும் பிற்பகலில் இளகியும் இருப்பது எது? முதலில் வெள்ளையோ பச்சையோ படர்வது எதில்? குப்பிகளைத் திறக்கவோ முகரவோ வேண்டாம். சோதனை உருண்டையை வாயில் வைக்கவே கூடாது. முடிந்ததும் அப்படியே குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

உண்பதற்கும் ஓர் அளவு உண்டு. 12 உருண்டையில் 100 கிராம் சர்க்கரை. ஒன்றில் 8 கிராமுக்குச் சற்று அதிகம். சேர்க்கும் சர்க்கரை நாள் ஒன்றுக்கு மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. 2,000 கலோரி உண்பவருக்கு 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம். அதாவது மூன்று உருண்டையோடு அன்றைய கணக்குத் தீர்ந்தது, பானகத்துக்கும் இடமில்லை!

கடைசியாக ஒன்று. பிடித்த உருண்டை மீண்டும் தீயைக் காணப் போவதில்லை. ஆகவே உங்கள் கையில் இருப்பதெல்லாம் அப்படியே உண்பவர் வாய்க்குப் போகும். கையில் புண் இருந்தாலோ, சளி பிடித்திருந்தாலோ அன்று மாவு பொடிக்கும் வேலையோடு நின்றுகொள்ளுங்கள். பிடிக்கும் வேலையை வேறொருவருக்கு விடுங்கள். கொடுக்கும்போது, கடலையோ எள்ளோ நெய்யோ யாருக்காவது ஒவ்வாமையா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் நீட்டலாம்.